பழைய பதிவேடும் புதிய கணனியும்

இடம்பெயரும் குடும்பம் கையில் எடுத்துச் செல்ல முயல்வது காணி உறுதியையும் குடும்ப அட்டையையும்தான். அவற்றையும் இழந்தோருக்கு அலுவலகப் பதிவுகளே எஞ்சும் சாட்சி. எமது பணிமனையிலும் குடும்ப விபரம், காணியின் அளவு, கிணறு, கால்நடை ஆகியவை 'அக்சஸ் 97' என்ற தரவுத்தளத்தில் பதியப்பட்டிருந்தன. அந்தக் கணனி தளர்ந்துபோனபோது, அடுத்து என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது.

புதிய கணனி வாங்கினால் போதும் என்றே முதலில் எண்ணினோம். ஆனால் அக்சஸ் 2013உம் அதற்குப் பின் வந்தவையும் 97இன் கோப்புகளைத் திறப்பதில்லை. எனவே மூன்று வழிகளை ஆராய்ந்தோம்.

முதலாவது, பழைய கணனியையே திருத்தித் திருத்திப் பாவிப்பது. செலவு குறைவு, ஆனால் வன்தட்டு பழுதானால் அனைத்தும் போய்விடும். இரண்டாவது, எல்லாவற்றையும் புதிதாகத் தட்டச்சு செய்வது. மாதக்கணக்கான வேலை, பெயரில் ஓரெழுத்துப் பிழைத்தாலும் அந்தக் குடும்பம் அலைய நேரிடும். மூன்றாவது, படிப்படியாக மாற்றுவது. அக்சஸ் 2010 பழைய கோப்பைத் திறந்து புதிய வடிவில் சேமித்துத் தரும். அதனைப் பின்வந்த பதிப்புகளும் ஏற்கும். அந்தப் பதிப்புள்ள கணனியொன்றை இரவல் பெற்று, இவ்வழியையே தெரிந்தெடுத்தோம்.

இன்னுமொரு சிக்கல் இருந்தது. பாமினி எழுத்துருவில் பதிந்த தமிழ், கணனிக்குள் ஆங்கில எழுத்துக்களாகவே கிடக்கும். அதனை ஒருங்குறிக்கு மாற்றினால்தான் தேடவும் அகரவரிசைப்படுத்தவும் முடியும். ஆனால் முழு அட்டவணையையும் ஒரேயடியாக மாற்றக்கூடாது. பழைய அடையாள அட்டை இலக்கத்தின் முடிவிலுள்ள 'வீ' என்ற ஆங்கில எழுத்தும் 'ஏ' என மாறிவிடும். தமிழ்ப் பெயர், ஊர் உள்ள நிரல்களை மட்டுமே மாற்ற வேண்டும்.

வேலை அத்துடன் முடியவில்லை. மாற்றுமுன்னும் பின்னும் பதிவுகளை எண்ணி ஒப்பிட்டோம். எந்தக் கணனியும் வாசிக்கக்கூடிய சாதாரண எழுத்துக் கோப்பாக ஒரு பிரதி எடுத்து வேறு கட்டடத்தில் வைத்தோம். எல்லாம் சரிபார்க்கும்வரை பழைய கணனியை அகற்றவில்லை.

ஆயினும் கணனி எண்ணிக்கையைத்தான் சொல்லும். உங்கள் பெயரும் காணியின் எல்லையும் சரியா என்பதை நீங்களே அறிவீர்கள். ஆகவே உங்கள் விபரங்களை வைத்திருக்கும் அலுவலகம் பதிவேட்டை மாற்றினால், உங்கள் பதிவை அச்சிட்டுத் தரும்படி கேளுங்கள். வாசிக்கத் தெரிந்த பிள்ளையை அருகிருத்தி வரிவரியாகப் பாருங்கள். பிழையிருந்தால் அன்றே திருத்துவியுங்கள். அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருங்கள்.