நீறு பூத்த விண்மீன்கள்

ஆம்பூரில் பிரியாணிக்குத் 'தம்' போடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? தேக்சாவை மூடி, மூடியின்மேல் தணலை வாரிப் போடுவார்கள். சற்று நேரத்தில் தணல்மேல் சாம்பல் படர்ந்துவிடும். நெருப்பு அணைந்துவிட்டதோ என்று தோன்றும். கையைச் சற்று அருகில் கொண்டுபோனால் சூடு தெரியும். கண்ணை ஏமாற்றிய நெருப்பால் கையை ஏமாற்ற முடியவில்லை!

இதைத்தான் 'நீறு பூத்த நெருப்பு' என்கிறோம். வானத்திலும் இத்தகைய நெருப்புகள் உண்டு. அவைதாம் புதிதாகப் பிறந்த விண்மீன்கள்.

தூசிக்குள் ஒரு பிறப்பு

விண்வெளியில் வாயுவும் தூசியும் கலந்த பெரிய மேகங்கள் உள்ளன. அவற்றின் அடர்ந்த பகுதி தன் ஈர்ப்பாலேயே சுருங்கும்போது நடுவில் விண்மீன் உருவாகிறது. மேகம் சுழன்றுகொண்டே சுருங்குவதால், மிஞ்சிய பொருள் விண்மீனைச் சுற்றித் தட்டுப்போல் பரவுகிறது. தட்டிலுள்ள தூசிகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாகிக் கோள்கள் தோன்றுகின்றன. நமது பூமியும் சுமார் 450 கோடி ஆண்டுகளுக்கு முன் இப்படித்தான் உண்டாயிற்று. அந்தத் தூசியை ஆராய்வது நம் பூர்வீகத்தை ஆராய்வதாகும்.

ஆனால், தூசியே திரையாகவும் நிற்கிறதே! உள்ளிருக்கும் விண்மீனை எப்படிக் காண்பது?

ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் சுமார் 0.4 முதல் 0.7 மைக்ரான் வரை. தூசித் துகள்களில் பலவும் ஏறக்குறைய இதே அளவு சிறியவை. ஆகவே அவை ஒளியை உறிஞ்சியும் சிதறடித்தும் தடுத்துவிடுகின்றன. அலைநீளம் மிகுந்த அகச்சிவப்புக் கதிர்களோ பெருமளவு தப்பி வருகின்றன. மேலும், ஒளியை உறிஞ்சிய தூசி சூடேறித் தானும் அகச்சிவப்புக் கதிர்களை வீசுகிறது. மறைத்த தூசியே காட்டியும் கொடுக்கிறது!

இக்கதிர்களை 1800ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல் கண்டுபிடித்தார். நிறமாலையில் சிவப்புக்கு அப்பால், ஒளியே இல்லாத இடத்தில் வைத்த வெப்பமானி சூடேறியது. 1967இல் பெக்லின், நியூகெபாவர் என்னும் இரு அமெரிக்க அறிஞர்கள், ஓரியன் நெபுலாவில் சாதாரண ஒளியில் எதுவும் தெரியாத ஓரிடத்தில், அகச்சிவப்பில் பிரகாசிக்கும் பொருள் ஒன்றைக் கண்டதாக அறிவித்தனர். அது தூசி போர்த்திய இளம் விண்மீன்.

வேகா தந்த வியப்பு

1983 ஜனவரியில் 'ஐராஸ்' செயற்கைக்கோள் ஏவப்பட்டது. தொலைநோக்கி சூடாக இருந்தால் அதுவே அகச்சிவப்பை வீசுமல்லவா? அதனால் திரவ ஹீலியத்தால் அதைக் கடுங்குளிரில் வைத்திருந்தனர். கருவியைச் சரிபார்க்க, நன்கு அறிந்த விண்மீன் என்று வேகாவை நோக்கினார்கள். எதிர்பார்த்ததைவிட மிக அதிகமான அகச்சிவப்பு வந்தது. கருவியில் பிழையில்லை, வேகாவைச் சுற்றித் தூசி இருந்தது. அதன் வெப்பநிலை சுமார் 85 கெல்வின், அதாவது -188 பாகை செல்சியஸ். அவ்வளவு குளிர்ந்த தூசியையும் அதன் 'சூட்டைக்' கொண்டே கண்டுபிடித்தார்கள்!

காவலூரில் வேறு வழி

வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலை ஏறினால் காவலூர் வரும். அங்கே சுமார் 725 மீட்டர் உயரத்தில் வைணு பாப்பு வானாய்வகம் உள்ளது. 1972இல் நிறுவிய 1 மீட்டர் தொலைநோக்கியும், 1986இல் திறந்த 2.34 மீட்டர் தொலைநோக்கியும் இங்கு உண்டு. யுரேனஸ் கோளின் வளையங்களை 1977இல் கண்டறிந்ததில் காவலூருக்கும் பங்குண்டு.

ஆயினும், குளிர்ந்த தூசியின் அகச்சிவப்பு இவ்வளவு தாழ்ந்த மலைக்கு வந்து சேராது. காற்றிலுள்ள நீராவி அதை உறிஞ்சிவிடும். ஆகவேதான் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தார் ஐதராபாத்திலிருந்து ராட்சத பலூன்களில் 1 மீட்டர் தொலைநோக்கியை மேலே அனுப்பி, விண்மீன்கள் பிறக்கும் மேகங்களை ஆராய்ந்தனர். அகச்சிவப்பின் ஒரு பகுதியைக் காண்பதற்கு லடாக்கில் 4,500 மீட்டர் உயரத்தில் ஹான்லே இருக்கிறது.

காவலூர் என்ன செய்தது? தூசியில் பட்டுச் சிதறும் ஒளி ஒரு குறிப்பிட்ட திசையில் கூடுதலாக அதிர்கிறது. இதற்கு 'முனைவாக்கம்' என்று பெயர். தூசி பந்துபோல் எல்லாப் பக்கமும் சமமாக இருந்தால் இவ்விளைவு ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். தட்டாக இருந்தால் மிஞ்சி நிற்கும். இளம் விண்மீன்களின் ஒளியையும், வேகாவைப் போன்றவற்றின் ஒளியையும் காவலூரின் 1 மீட்டர் தொலைநோக்கியில் இவ்வாறு அளந்தனர். சூட்டை அளக்க முடியாத இடத்தில், சாதாரண ஒளியிலேயே தூசியின் செய்தியைப் படித்துவிட்டார்கள்!

2021 டிசம்பரில் ஏவிய ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி, ஓரியன் நெபுலாவின் தூசித் தட்டுகளை அகச்சிவப்பில் படம் பிடித்துள்ளது.

மாணவர்களே, பிப்ரவரி மாத முன்னிரவில் மொட்டை மாடிக்குச் செல்லுங்கள். செந்நிறத் திருவாதிரை விண்மீனுக்குத் தெற்கே மூன்று விண்மீன்கள் வரிசையாக நிற்கும். அவற்றுக்கும் கீழே மங்கலான புகைத் திட்டு ஒன்று தெரியும். அதுவே ஓரியன் நெபுலா. சுமார் 1,300 ஒளியாண்டு தொலைவில் உள்ளது. அங்கே, உங்கள் கண்ணுக்குத் தெரியாத தூசிக்குள், இந்நேரம் புதிய பூமிகள் உருவாகிக்கொண்டிருக்கலாம்!