ஃப்ரிட்ஜா, அரிசி டப்பாவா? லாரி ஓட்டுநர் வண்டியைத் தேர்ந்தெடுப்பது எப்படி

அரைத்த இட்லி மாவில் பாதியை ஃப்ரிட்ஜிலும் பாதியை மேடையிலும் வைத்துப் பாருங்கள். மறுநாள் காலை மேடையில் இருப்பது பொங்கிப் புளித்திருக்கும். ஃப்ரிட்ஜில் இருப்பது அடங்கிக் கிடக்கும். இந்த வித்தியாசத்தை நம்பி பெங்களூரில் ஒரு தொழிலே நடக்கிறது. 2005-ல் இங்கே தொடங்கிய ஐடி ஃபிரெஷ் ஃபுட், பாக்கெட் மாவைப் பல ஊர்க் கடைகளுக்கு அனுப்புகிறது. கடைக்குப் போய்ச் சேரும்வரை மாவு புளிக்காமல் இருப்பது வண்டியையும் அதை ஓட்டுபவரையும் பொறுத்தது.

பெங்களூருக்கு வந்து லாரி ஓட்டும் நம்மூர் இளைஞர்கள் பலருக்கும் ஒரு குழப்பம்: சாதா கன்டெய்னர் ஓட்டுவதா, ஏ.சி. கன்டெய்னர் ஓட்டுவதா? விடை அடுப்படியிலேயே இருக்கிறது.

அரிசி டப்பா

சாதா கன்டெய்னர் என்பது அரிசி டப்பா. மழை, தூசி, திருட்டு மூன்றிலிருந்தும் காக்கும். வேறு எதுவும் செய்யாது. நெலமங்கலா, ஹொசகோட்டே குடோன்களில் சோப்பும் துணியும் டி.வி.யும் ஏற்றும் 32 அடி வண்டிகள் இந்த வகைதான். சிங்கிள் ஆக்சிலில் சுமார் 7 டன், மல்டி ஆக்சிலில் சுமார் 15 டன் போகும்.

இதன் எதிரி ஈரம். சூடான இட்லியை டப்பாவில் போட்டு மூடினால் மூடியின் உட்புறம் முத்து முத்தாக நீர் கோக்கும். ஈரப் பலகையோ நனைந்த அட்டைப்பெட்டியோ உள்ளே போனால் இதே கதைதான்: பகல் வெயிலில் ஈரம் ஆவியாகும், இரவில் கூரைத் தகடு குளிர்ந்ததும் சொட்டும். ஏற்றுவதற்கு முன் உள்ளே நின்று கதவைச் சாத்தச் சொல்லுங்கள். எங்காவது வெளிச்சம் தெரிந்தால் அங்கே மழைநீர் இறங்கும்.

ஃப்ரிட்ஜ்

ஓடும் ஃப்ரிட்ஜின் பின்புறமோ பக்கவாட்டிலோ கை வைத்தால் சுடும். உள்ளே இருந்த சூட்டை இழுத்து வெளியே தள்ளுவதுதான் அதன் வேலை. ஏ.சி. கன்டெய்னரின் முகப்பில், கேபினுக்கு மேலே இருக்கும் யூனிட்டும் இதையே செய்கிறது. வெளிச்சூடு உள்ளே வராதபடி சுவருக்குள் ஃபோம் அடைத்திருப்பார்கள். அந்தத் தடிமனும் யூனிட்டின் எடையும் சேர்வதால், அதே அளவு வண்டியில் ஏற்றும் சரக்கு குறையும்.

அம்மா சொல்லும் மூன்று விதிகள் இங்கேயும் செல்லும்.

முதல் விதி: சூடான சாம்பாரை உள்ளே வைக்காதே. வைத்தால் பக்கத்துப் பாலும் கெடும். யூனிட் குளிரைக் காக்குமே தவிர, சூடான சரக்கைக் குளிர வைக்கும் அளவுக்கு அதற்குத் திறன் கிடையாது. காலி வண்டியை முன்பே குளிர வைத்து, குளிர்ந்த சரக்கையே ஏற்ற வேண்டும். பெட்டிகளுக்கு நடுவே தெர்மாமீட்டரைச் செருகிப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

இரண்டாவது: தட்டை அடைக்காதே. காற்று சுற்றி வந்தால்தான் குளிர் பரவும். கூரை முட்ட அடுக்கினால் யூனிட் அருகே உறைந்துபோகும், கதவருகே இளகிவிடும்.

மூன்றாவது: கதவை அடிக்கடி திறக்காதே. நகரத்துக்குள் பத்து கடைக்குப் பிரித்து இறக்கும் லோடில் இதுதான் பெரிய சோதனை.

குளிரிலும் அளவு உண்டு. ஃப்ரிட்ஜில் வைத்த வாழைப்பழம் கறுப்பதைப் பார்த்திருப்பீர்கள்; அதற்கு 13 டிகிரி போதும். பாலுக்கு 4, ஐஸ்கிரீமுக்கு மைனஸ் 18. இன்சுலினுக்கு 2 முதல் 8 வரை; உறைந்துவிட்டால் அதைத் தூக்கி எறிய வேண்டியதுதான்.

கரன்ட் போனால்

சிறிய வண்டிகள் பலவற்றில் யூனிட் லாரி இன்ஜினின் பெல்ட்டில்தான் ஓடுகிறது. அத்திப்பள்ளியில் டீ குடிக்க இன்ஜினை நிறுத்தினால் யூனிட்டும் நின்றுவிடும். பெரிய வண்டிகளில் யூனிட்டுக்கென்று தனி டீசல் இன்ஜின் உண்டு. சென்னை லோடு என்றால் சுமார் 350 கிலோமீட்டர். 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெங்களூரின் இதமான காற்றிலிருந்து இறங்கி, கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் வேலூர் வெயிலுக்குள் போக வேண்டும். இளகி மறுபடி உறைந்த ஐஸ்கிரீம் நாக்கில் நறநறவென்று காட்டிக்கொடுக்கும். இறக்குமிடத்தில் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

யாருக்கு எது?

ஏ.சி. வண்டிக்கு வாடகை அதிகம், டீசலும் அதிகம். திரும்பும்போது யூனிட்டை அணைத்துவிட்டுச் சாதா சரக்கையும் ஏற்றலாம்; ஆனால் மீன் ஏற்றிய வண்டியைக் கழுவாமல் பிஸ்கட் ஏற்றக் கூடாது. சாதா வண்டியில் லோடு எளிதில் கிடைக்கும், டாக்கில் காத்திருந்தாலும் சரக்கு கெடாது.

என் முடிவு இது: தொழிலுக்குப் புதியவர் என்றால் இரண்டு வருடம் சாதா கன்டெய்னர் ஓட்டுங்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் டிகிரியைப் பார்த்துக் குறித்து வைக்கும் பொறுமை உங்களுக்கு இருந்தால் பிறகு ஏ.சி. வண்டிக்கு மாறுங்கள்.

மாறும்போது ஓனரிடம் மூன்று விஷயங்களை எழுதி வாங்குங்கள்: எத்தனை டிகிரி, யூனிட் டீசல் யார் கணக்கு, வண்டி காத்திருந்தால் ஹால்டிங் காசு எவ்வளவு. சரக்கு கெட்டுவிடும் என்று யார் அவசரப்படுத்தினாலும் தூக்கத்தை விட்டு ஓட்டாதீர்கள். 1961-ம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே ஒரு நாளைக்கு 8 மணி நேர வேலை என்றுதான் சொன்னது.