சராசரியை நம்பலாமா?

சுமை தூக்கும் பொறி ஒன்றுக்குக் கம்பிவடம் வாங்க வேண்டும். ‘அ’ வகை வடம் சராசரியாக 1050 கிலோகிராம் சுமையில் அறும். ‘ஆ’ வகை 1100 கிலோகிராமில் அறும். எதை வாங்குவீர்கள்? ‘ஆ’ என்றுதான் பெரும்பாலோர் சொல்வர். சற்றுப் பொறுங்கள்.

ஒரே ஆலையில் ஒரே நாளில் செய்த இரு வடங்கள்கூட ஒரே வலிமை உடையவை அல்ல. எஃகின் கலவை, கம்பியின் தடிமன், முறுக்கு ஆகியவை சிறிது மாறும். இச்சிதறலைத் திட்ட விலக்கத்தால் அளக்கிறோம். அது ‘அ’ வகைக்கு 90, ‘ஆ’ வகைக்கு 160 என்று கொள்வோம். தூக்கும் சுமையும் நாளுக்கு நாள் மாறும்; அதன் சராசரி 600, திட்ட விலக்கம் 120.

வலிமையிலிருந்து சுமையைக் கழித்தால் கிடைப்பது பாதுகாப்பு இடைவெளி. அது சுழிக்குக் கீழே போனால் வடம் அறும். இடைவெளியின் சராசரி ‘அ’ வகையில் 450, ‘ஆ’ வகையில் 500. அதன் சிதறல் எவ்வளவு? ஒன்றையொன்று சாராத இரு சிதறல்கள், செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்களைப் போலக் கூடுகின்றன, விடை கர்ணம்! 90, 120 பக்கங்களானால் கர்ணம் 150. 160, 120 ஆனால் 200.

ஆகவே இடைவெளி, சிதறலைப் போல் ‘அ’ வகையில் 3 மடங்கு. ‘ஆ’ வகையில் 2.5 மடங்குதான். இயல்நிலைப் பரவல் அட்டவணைப்படி, அறும் வாய்ப்பு முன்னதில் 1000-க்கு ஏறத்தாழ 1, பின்னதில் 6. சராசரியில் வலிய வடமே அதிகம் அறுகிறது! (இவை விளக்கத்துக்கான எண்கள். உண்மைப் பொறிகளில் வடத்தின் வலிமை சுமையைப் போல் பல மடங்கு இருக்கும்.)

கணக்கில் இடும் எண்ணே தவறானால்? கனடாவில் கியூபெக் பாலத்தின் நடு இடைவெளியை 1600 அடியிலிருந்து 1800 அடியாக நீட்டினர். ஆனால் பாலத்தின் சொந்த எடையை உரிய காலத்தில் மீண்டும் கணக்கிடவில்லை. எடை கூடுதல் எனத் தெரிந்த பின்னும் வேலை தொடர்ந்தது. எஃகு உறுப்புகள் வளைவதைத் தொழிலிடத்தில் இருந்தோர் கண்டனர். மேலும் சுமை ஏற்றாதீர் என்ற செய்தி பாலத்தை எட்டுமுன், 1907 ஆகஸ்ட் 29 அன்று தென்பகுதி சரிந்தது; 75 தொழிலாளர் மாண்டனர். மிகக் கனமான உறுப்புகளால் மீண்டும் கட்டினர். 1916-இல் நடுப்பகுதியைத் தூக்கியபோது ஒரு வார்ப்பு உறுப்பு உடைந்து மேலும் 13 பேர் இறந்தனர். 1917-இல் முடிந்த அப்பாலம் இன்றும் நிற்கிறது.

ஆக, நல்ல பொறியாளர் சராசரியோடு நிற்பதில்லை. சிதறலைக் குறைக்கிறார், இடைவெளியைக் கூட்டுகிறார், மாற்றம் செய்யும்போதெல்லாம் பழைய எண்களைச் சந்தேகிக்கிறார்.

நீங்களும் சோதித்துப் பாருங்கள். ஒரே நூற்கண்டிலிருந்து 20 துண்டுகளை வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு சிறு பையைக் கட்டித் தொங்கவிடுங்கள். நூல் அறும்வரை பையில் சிறிது சிறிதாக மணலை இட்டு, எடையைக் குறியுங்கள். இருபதும் ஒன்றாக இருக்கின்றனவா?