‘மூலமாத்தான் இருக்கும்’னு விட்டுடலாமா? குடல் பாலிப்பைக் கண்டுபிடித்து அகற்றுவது எப்படி?

‘பிளாக் பேந்தர்’ நாயகன் சாட்விக் போஸ்மேன் 2020 ஆகஸ்ட்டில் இறந்தபோது அவருக்கு வயது 43. காரணம், பெருங்குடல் புற்றுநோய். 2016-ல் கண்டுபிடித்தபோதே அது மூன்றாம் நிலையில் இருந்தது.

இந்தப் புற்றுநோய் பெரும்பாலும் ‘பாலிப்’ என்ற சின்ன சதை வளர்ச்சியாகத்தான் தொடங்குகிறது. அந்த நிலையிலேயே எடுத்துவிட்டால், அந்த இடத்தில் புற்றுநோய் வராமலே தடுக்கலாம்.

பாலிப் என்றால் என்ன?

பெருங்குடலின் உட்சுவரில் வளர்வது. சில காம்போடு காளான் மாதிரி நிற்கும். சில தட்டையாக ஒட்டிக் கிடக்கும். பெரும்பாலானவை ஆபத்தில்லாதவை. ஆனால், ‘அடினோமா’ வகையில் சில, புற்றுநோயாக மாறக்கூடும். அதற்குப் பொதுவாக 10 ஆண்டுகள் வரை ஆகும். பிரச்சினை என்னவென்றால், பாலிப் வலிக்காது.

ஸ்கேன் எடுத்தால் போதாதா?

வழக்கமான வயிற்று ஸ்கேனை நம்பி ‘பாலிப் இல்லை’ என்று சொல்லிவிட முடியாது. இதற்கென்றே ‘சி.டி. கொலோனோகிராஃபி’ இருக்கிறது. ஆசனவாய் வழியாக வாயுவைச் செலுத்திக் குடலை விரித்து, சி.டி. படங்களை முப்பரிமாணமாகப் பார்ப்பார்கள். மயக்க மருந்து தேவையில்லை. 10 மி.மீ. அல்லது அதற்கு மேல் உள்ளவை நன்றாகத் தெரியும். சின்னதும் தட்டையானதும் தப்பிவிடலாம். முக்கியமாக, ஸ்கேன் காட்டும், எடுக்காது. எடுக்க கொலோனோஸ்கோபிதான்.

எப்படி எடுக்கிறார்கள்?

நுனியில் கேமரா உள்ள வளையும் குழாயை உள்ளே செலுத்துவார்கள். சில கருவிகளில் நீலம், பச்சை ஒளியை மட்டும் பாய்ச்சும் வசதி உண்டு. அதில் ரத்தக் குழாய்கள் எடுப்பாகத் தெரிவதால் பாலிப்பின் வகையை ஊகிக்க முடியும். சந்தேகமான இடத்தைத் திரையில் கட்டம் போட்டுக் காட்டும் ஏ.ஐ. மென்பொருளும் வந்துவிட்டது.

பாலிப் தெரிந்தால், அதே குழாய் வழியாகக் கம்பிச் சுருக்கை நுழைத்து, கழுத்தில் மாட்டி இறுக்கி வெட்டி எடுப்பார்கள். 1969-ல் நியூயார்க்கில் வில்லியம் உல்ஃப், ஹிரோமி ஷின்யா என்ற மருத்துவர்கள் தொடங்கிவைத்த முறை இது. வயிற்றைக் கிழிக்க வேண்டியதில்லை.

பெரிய, தட்டையான பாலிப் என்றால், அடியில் திரவத்தை ஊசியால் ஏற்றி, கொப்புளம் போல உயர்த்திவிட்டு எடுப்பார்கள். எடுத்த சதை பயாப்ஸிக்குப் போகும். ரத்தக்கசிவு, குடலில் ஓட்டை விழுவது போன்ற சிக்கல்கள் அரிதாக வரலாம்.

பேதி மருந்தைப் பாதியில் நிறுத்தலாமா?

கூடாது. குடலில் மலம் மிச்சமிருந்தால் பாலிப் அதற்கடியில் மறைந்துகொள்ளும். எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டிவரும்.

யாருக்குத் தேவை?

2021-ல் அமெரிக்க நிபுணர் குழு, பரிசோதனையைத் தொடங்கும் வயதை 50-லிருந்து 45 ஆகக் குறைத்தது. அந்த வயதைக்கூட போஸ்மேன் எட்டவில்லை. அதனால் வயதை மட்டும் பார்த்தால் போதாது. அப்பா, அம்மா, உடன்பிறந்தோருக்கு இந்தப் புற்றுநோய் இருந்திருந்தால் முன்கூட்டியே மருத்துவரிடம் பேச வேண்டும்.

மலத்தில் ரத்தம், காரணமில்லாத ரத்தசோகை, எடைக் குறைவு, திடீரென மாறிய மலப்பழக்கம் இருந்தால் எந்த வயதிலும் தள்ளிப்போடக் கூடாது. மூலமாகவும் இருக்கலாம். ஆனால், அதை மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும்.