முதுகெலும்பு நொறுங்கினால் எந்த ஒபரேஷன்?

கொழுந்துக் கூடை சுமந்து ஓய்ந்த நம் அம்மாமாருக்கு, எலும்பு உக்கியிருந்தால் ஒரு வாளித் தண்ணீர் தூக்கினாலே முதுகெலும்பு நொறுங்கலாம். "வயசான வலிதானே" என்று நாம் விட்டுவிடுகிறோம்.

பெரும்பாலும் வலி மாத்திரையோடு இரண்டு மூன்று மாதத்தில் பொருந்திவிடும். தீராவிட்டால் இரு வழிகள்: ஊசியால் எலும்புச் சீமெந்து செலுத்துவது ஒன்று, சிறு பலூனை ஊதி எலும்பை நிமிர்த்திப் பிறகு சீமெந்து நிரப்புவது மற்றது. பின்னதில் கசிவு குறைவு. ஆனால் 2009இல் வந்த இரு ஆய்வுகளில், ஊசிச் சீமெந்து போட்டவர்களுக்கும் போடுவதுபோல் பாவனை மட்டும் செய்யப்பட்டவர்களுக்கும் வலி ஏறக்குறைய ஒரேயளவுதான் குறைந்தது. ஆகவே அவசரப்பட வேண்டாம்.

முதுகைத் திறந்து ஆணி பூட்டுவது, நரம்பு நசுங்கினாலோ எலும்பு நிலைகுலைந்தாலோதான். உக்கிய எலும்பில் ஆணி லேசில் பிடிக்காது.

கால் மரத்தாலோ சிறுநீர் அடைத்தாலோ மட்டும் ஒரு நாளும் பார்த்திருக்காதீங்க; உடனே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்க.