“வரை” என்னும் சிறு சொல்

புதிய கைத்தொலைபேசி ஒன்று வெளிவருகிறது என்ற செய்தி வந்த அன்று இரவு, பல்கலைக்கழகத்திற்கு எதிரேயுள்ள மாமாக் கடையில் ஒரு பட்டிமன்றம் நிச்சயம். ஒரே மேசையில் மூன்று அணிகள் இருக்கும். “மச்சான், இதை வாங்காம இருந்தா வாழ்க்கையே வீண்” என்பது முதல் அணி. “ஆறு மாசம் பொறு, விலை இறங்கும்” என்பது இரண்டாவது அணி. மூன்றாவது அணி பெரும்பாலும் ஒரே ஆள்தான்; நம்மைப் பார்க்க வந்த முன்னாள் மாணவர். “தம்பி, எங்க காலத்து நோக்கியா 3310 கீழே விழுந்தா தரைதான் உடையும்” என்று சொல்லிவிட்டுத் தே தாரிக்கை உறிஞ்சுவார்.

மூன்று அணிகளும் விவாதிக்காமல் விடுவது ஒன்றே ஒன்றுதான்: அந்தச் செய்தியில் உண்மையில் என்ன எழுதியிருக்கிறது என்பது.

கருவி விளம்பரங்களில் வரும் எண்கள் பெரும்பாலும் பொய்யல்ல. பெரிய நிறுவனங்களிடம் பெரிய வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். அப்பட்டமான பொய்யை அச்சேற அவர்கள் விடமாட்டார்கள். விஷயம் எண்ணில் இல்லை. எண்ணுக்குப் பக்கத்தில் பவ்வியமாக நிற்கும் சின்னச் சொல்லில் இருக்கிறது. “100 எம்பிபிஎஸ் வரை”, “30 நிமிடம் வரை”, “இரண்டு நாள் வரை”. ‘வரை’ என்பது வீட்டின் கூரை. நாமோ அதைத் தரை என்று நினைத்துக் காலை வைக்கிறோம்.

பிடிபிடிஎன் கடன் பணம் கணக்கில் விழுந்த வாரத்திலேயே கைத்தொலைபேசிக் கடைக்கு ஓடுகிறவர்கள் நம்மில் உண்டு. திருப்பிக் கட்ட வேண்டிய பணத்தில் வாங்கும் பொருளைப் பற்றிய செய்தியைப் பாடநூலைவிடக் கவனமாகப் படிக்க வேண்டாமா? நாம் அடிக்கடி சந்திக்கும் சில செய்திகளையும் அவற்றுக்கு நாம் சொல்ல வேண்டிய பதில்களையும் பார்ப்போம்.

“128 கிகாபைட் கொள்ளளவு!”

நம் பதில்: “தோலோடு சேர்த்தா, தோல் நீக்கியா?”

டுரியான் வாங்கிய எவருக்கும் இது புரியும். பொருளைத் தயாரிப்பவர் ஒரு கிகாபைட்டை நூறு கோடி பைட் என்று கணக்கிடுகிறார். விண்டோஸ் கணினியோ 1,024ஐ மூன்று முறை பெருக்கி, ஏறத்தாழ 107 கோடி பைட்டுகளை ஒரு கிகாபைட் என்கிறது. ஆகவே 128 கிகாபைட் விரலியைக் கணினியில் செருகினால் 119தான் தெரியும். ஒரு டெராபைட் வன்தட்டு 931 கிகாபைட் என்று காட்டும். யாரும் திருடவில்லை, அளக்கும் படிதான் வேறு. கைத்தொலைபேசியில் இயங்குதளமும், நாம் கேட்காமலே உள்ளே குடியேறிய செயலிகளும் இன்னொரு பங்கை எடுத்துக்கொள்ளும். எனவே ‘எவ்வளவு கொள்ளும்?’ என்று கேட்காதீர்கள். ‘எனக்கு எவ்வளவு மிஞ்சும்?’ என்று கேளுங்கள். கடையில் காட்சிக்கு வைத்திருக்கும் கருவியின் அமைப்புப் பகுதியைத் திறந்தாலே விடை கிடைத்துவிடும்.

“100 எம்பிபிஎஸ் வேகம் வரை!”

நம் பதில்: “அது பிட்டா, பைட்டா? நடு இரவிலா, இரவு ஒன்பது மணிக்கா?”

இணைய வேகத்தைப் பிட்டில் சொல்கிறார்கள். கோப்பின் அளவைப் பைட்டில் சொல்கிறார்கள். எட்டுப் பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். எனவே 100 மெகாபிட் என்பது நொடிக்கு 12.5 மெகாபைட். எல்லாம் கைகூடி வந்தால், 700 மெகாபைட் திரைப்படம் இறங்க 56 நொடி ஆகும். ஆனால் அதே இணைப்பை வீட்டில் ஐந்து பேர் பகிர்ந்துகொண்டு, அதில் ஒருவர் நாடகத்தின் 400ஆவது பகுதியைப் பார்த்துக்கொண்டிருந்தால் கணக்கு மாறிவிடும். வாடகை வீட்டிற்கு இணைப்பு எடுக்கும் முன், அதே குடியிருப்பில் அதே சேவையைப் பயன்படுத்தும் ஒருவரிடம் இரவு நேரத்து வேகம் என்ன என்று விசாரியுங்கள். விளம்பரப் பலகையைவிட அண்டை வீட்டார் நம்பகமானவர்.

“108 மெகாபிக்சல் கேமரா!”

நம் பதில்: “ஒன்பது பேருக்கு ஒரு தட்டுச் சோறா?”

2020இல் வெளிவந்த சாம்சங் கேலக்ஸி எஸ்20 அல்ட்ராவின் பெருமை இந்த 108. ஆனால் இயல்பான நிலையில் அக்கருவி ஒன்பது புள்ளிகளை ஒன்றாக்கி 12 மெகாபிக்சல் படத்தையே தரும். இது ஏமாற்று வேலை அல்ல, நல்ல உத்திதான். புள்ளி சிறிதானால் அதற்குக் கிடைக்கும் ஒளியும் குறையும். ஒன்பதைச் சேர்த்தால் இருட்டிலும் படம் தெளியும். ஆனால் 108 என்பதால் 12ஐவிட ஒன்பது மடங்கு நல்ல படம் என்று எண்ணினால் தவறு நம்முடையது. தீபாவளி விருந்தில் மங்கிய விளக்கொளியில் எடுத்த படத்தைக் காட்டச் சொல்லுங்கள். நண்பகல் வெயிலில் எந்தக் கேமராவும் நல்ல கேமராதான்.

“10,000 மில்லி ஆம்பியர் மணி மின்சேமிப்பி!”

நம் பதில்: “எத்தனை வோல்ட்டில்?”

‘பவர் பேங்க்’ என்று நாம் அழைக்கும் மின்சேமிப்பியின் உள்ளே இருக்கும் மின்கலம் ஏறத்தாழ 3.7 வோல்ட்டில் இயங்குவது. 10,000 என்பது அந்தக் கணக்கு. வெளியே வருவதோ 5 வோல்ட். அப்படி மாற்றினாலே 7,400 ஆகிவிடும். மாற்றும்போது சூடாக வீணாவதும் உண்டு. எனவே 5,000 கொள்ளும் கைத்தொலைபேசியை இரண்டு முறை நிரப்பலாம் என்று கணக்குப் போட்டால் ஒன்றரை முறையில் மூச்சு வாங்கும்.

ஒப்பிடுவதற்குச் சரியான அளவு ‘வாட் மணி’. ஆம்பியர் மணியை வோல்ட்டால் பெருக்கினால் அது வரும்: 10,000 மில்லி ஆம்பியர் மணி, 3.7 வோல்ட் என்றால் 37 வாட் மணி. விமானப் பயணத்திற்கும் இதுவே அளவு. 100 வாட் மணிக்கு மேற்பட்டதற்கு விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். மின்சேமிப்பியைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், சரக்குப் பெட்டியில் அல்ல. 2025 ஏப்ரல் 1 முதல் சிங்கப்பூர் ஏர்லைன்சும் ஸ்கூட்டும் பறக்கும்போது அதைப் பயன்படுத்துவதற்கே தடை விதித்தன. விடுமுறைக்கு விமானத்தில் ஊர் திரும்புகிறவர்கள் புறப்படும் முன் தங்கள் விமான நிறுவனத்தின் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

“நீர் புகாத கைத்தொலைபேசி!”

நம் பதில்: “எந்த நீர்? எவ்வளவு நேரம்? புகுந்தால் யார் பொறுப்பு?”

‘ஐபி68’ என்ற குறியீட்டில் 6 தூசியைத் தடுப்பதையும், 8 ஒரு மீட்டருக்கும் ஆழமான நீரில் மூழ்குவதைத் தாங்குவதையும் குறிக்கும். எவ்வளவு ஆழம், எத்தனை நிமிடம் என்பதைத் தயாரிப்பாளரே அறிவிக்கிறார். சோதனை நடப்பது ஆய்வுக்கூடத்தில், அசையாத நன்னீரில், புத்தம் புதிய கருவியில். கடலில் உப்பு உண்டு. நீச்சல் குளத்தில் குளோரின் உண்டு. நம் கருவிக்கோ வயதாகிக்கொண்டே போகிறது. நீரைத் தடுக்கும் ஒட்டுப்பசையும் அதனோடு தளர்கிறது. ஆஸ்திரேலியாவில் கடலிலும் நீச்சல் குளத்திலும் கைத்தொலைபேசியைப் பயன்படுத்தலாம் என்று தோன்றும்படி விளம்பரம் செய்ததற்காக, 2022இல் அந்நாட்டு நீதிமன்றம் சாம்சங்கின் ஆஸ்திரேலிய நிறுவனத்திற்கு 1 கோடியே 40 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. 2020இல் இத்தாலி இதே போன்ற காரணத்திற்காக ஆப்பிள் நிறுவனத்திற்கு 1 கோடி யூரோ அபராதம் விதித்தது.

இதைச் சிரித்துக்கொண்டே எழுத என்னால் முடியவில்லை. எங்கள் தோழி ஒருத்தி இறுதியாண்டு ஆய்வேட்டுக்காகத் தோட்டப்புறத் தாலாட்டுகளைத் திரட்டினாள். பேராக் மாநிலத் தோட்டம் ஒன்றில் ஒரு பாட்டி அவளுக்குப் பதினோரு பாடல்களைப் பாடிக்காட்டினார். அனைத்தையும் கைத்தொலைபேசியில் பதிவு செய்தாள். அடுத்த வாரம் போர்ட்டிக்சன் கடற்கரையில், ‘இது தண்ணீர் புகாதது’ என்று சொல்லி அலைக்குள் நின்று படம் எடுத்தாள். இரண்டு நாளில் மின்னேற்றும் துளை துருவேறியது. பிறகு திரை அணைந்தது. ‘நீரால் ஏற்படும் பழுது உத்தரவாதத்தில் சேராது’ என்று சேவை மையம் சொல்லிவிட்டது. அட்டைப் பெட்டியில் வந்த தாளிலும் அப்படித்தான் பொடி எழுத்தில் இருந்தது.

கைத்தொலைபேசியை மீண்டும் வாங்கிவிடலாம். அவள் மறுபடி பேருந்து ஏறிப் போனாள். பாட்டியும் முகம் சுளிக்காமல் பாடினார். ஆனால் ஒன்பது பாடல்கள்தான். மற்ற இரண்டும் “மறந்து போச்சு கண்ணு” என்றார். அந்த இரண்டு பாட்டும் இப்போது எங்கும் இல்லை.

எனவே விளம்பரம் எதைச் சொன்னாலும் இதை மட்டும் செய்யுங்கள்: முக்கியமான பதிவுகளைக் கருவியில் ஒன்று, வன்தட்டில் ஒன்று, இணையச் சேமிப்பில் ஒன்று என மூன்று இடத்தில் வையுங்கள். அன்றைய பதிவை அன்றிரவே படியெடுங்கள்.

“வாழ்நாள் முழுதும் பயன்படும்!”

நம் பதில்: “யாருடைய வாழ்நாள்?”

2015இல் மைக்ரோசாப்ட் ஊழியர் ஒருவர், விண்டோஸ் 10தான் கடைசி விண்டோஸ் என்று ஒரு மாநாட்டில் சொன்னார். உலகமே அதைச் செய்தியாக்கியது. 2021 அக்டோபரில் விண்டோஸ் 11 வந்தது. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. நன்றாக ஓடும் பல மடிக்கணினிகள், புதிய பதிப்பு கேட்கும் பாதுகாப்புச் சில்லு இல்லாததால் பின்தங்கின. அவற்றைக் குப்பையில் போட வேண்டியதில்லை. கட்டுரை எழுதவும் இணையம் பார்க்கவும் இலவச லினக்ஸ் போதும். மலேசியாவில் 3ஜி சேவையும் இப்படித்தான் 2021 இறுதிக்குள் மூடப்பட்டது. அதை மட்டுமே அறிந்த கருவிகளின் வேக இணையம் அதோடு போயிற்று.

கருவி உடைவதால் மட்டும் சாவதில்லை. அதைத் தாங்கும் மென்பொருள் நின்றாலும் செத்துவிடும். ஆகவே வாங்கும்போதே ‘எத்தனை ஆண்டு பாதுகாப்புப் புதுப்பிப்பு?’ என்று கேளுங்கள். 2023இல் கூகள் பிக்சல் 8க்கும், 2024இல் சாம்சங் எஸ்24க்கும் ஏழாண்டு வாக்குறுதி தரப்பட்டது. அந்த ஆண்டுகள் தொடங்குவது கருவி சந்தைக்கு வந்த நாளிலிருந்து, நாம் வாங்கிய நாளிலிருந்து அல்ல. மலிவாகக் கிடைக்கும் பழைய மாதிரியில் பாதி ஆயுள் கடையிலேயே கழிந்திருக்கலாம்.

பழைய கைத்தொலைபேசி தள்ளாடினால் உடனே புதியதற்குத் தாவாதீர்கள். மின்கலம் மூப்படைந்த ஐபோன்கள் திடீரென்று அணைந்துவிடாதிருக்க அவற்றின் வேகத்தைக் குறைத்ததாக ஆப்பிள் 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. பின்னர் மன்னிப்புக் கேட்டு, மின்கலம் மாற்றும் கட்டணத்தை 79 அமெரிக்க டாலரிலிருந்து 29ஆகக் குறைத்தது. புதிய கைத்தொலைபேசி வாங்க நினைத்த பலருக்குத் தேவைப்பட்டது புதிய மின்கலம்தான்.

“இன்றே முந்துங்கள்!”

நம் பதில்: “முந்தியவர்கள் நலமா?”

2016 ஆகஸ்டில் வெளிவந்த கேலக்ஸி நோட் 7ஐ வாங்க உலகெங்கும் மக்கள் முந்தினார்கள். செப்டம்பர் தொடக்கத்தில், மின்கலம் தீப்பற்றியதால் அதைத் திரும்பப் பெறும் அறிவிப்பு வந்தது. மாற்றிக் கொடுத்தவையும் தீப்பற்ற, அக்டோபரில் தயாரிப்பே நிறுத்தப்பட்டது. ஏறத்தாழ இரண்டே மாதக் கதை. முதல் மாதத்தில் வாங்குகிறவர் வாடிக்கையாளர் மட்டுமல்லர்; சம்பளமில்லாத சோதனையாளரும்கூட. மாமாக் கடையின் இரண்டாவது அணி சொன்ன ‘ஆறு மாசம் பொறு’ என்பது கஞ்சத்தனம் அல்ல என்று இப்போது தெரிகிறதா?

கடைசியாக இரண்டு

வாங்கும் முன் கடையிலேயே தமிழில் ஒரு வரி தட்டிப் பாருங்கள். இன்று இது எளிது. ஒரு காலத்தில் இல்லை. நம் மலேசியரான முத்து நெடுமாறன் 1980களில் முரசு மென்பொருளையும் 2005இல் கைத்தொலைபேசிக்கான செல்லினத்தையும் உருவாக்கினார். தமிழ் ஓடுமா என்று கேட்க ஆள் இருந்ததால்தான் தமிழ் ஓடியது. நாம் கேட்பதை நிறுத்தக் கூடாது.

வாங்கிய பிறகு ஏமாந்தது தெரிந்தால் முணுமுணுத்துவிட்டுப் போகாதீர்கள். விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது மலேசியாவின் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம். வழக்கறிஞர் இல்லாமலே பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் முறையிடலாம். 2019இல் அதன் கோரிக்கை வரம்பு 50,000 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. ரசீதையும் விளம்பரத்தாளையும் பத்திரமாக வைத்திருங்கள். விளம்பரத்தில் இருக்கும் ‘வரை’ அங்கே உங்களுக்கும் உதவலாம்.

யார் எதைச் சொன்னாலும் அதன் உண்மையை ஆராய்ந்து பார்க்கச் சொன்னார் வள்ளுவர். அவர் கைத்தொலைபேசிக் கடைக்குப் போனதில்லை. போகிற நமக்காகத்தான் சொல்லி வைத்திருக்கிறார். அடுத்த செய்தி வரும் இரவில் மாமாக் கடை மேசையில் நான்காவது அணி ஒன்று இருக்கட்டும். அது ஆத்திரப்படாது, அலட்சியமும் காட்டாது. செய்தியை ஒருமுறை முழுதாகப் படித்துவிட்டு, “எது வரை?” என்று மட்டும் கேட்கும்.