அழகுக்கலை வகுப்பில் ஒரு புற்றுநோய்ப் பாடம்

அழகுக்கலையைத் தொழிற்பாடமாகப் படிக்கும் மாணவியர் புருவம் திருத்துதல், ஃபேஷியல், நகப் பராமரிப்பு, கூந்தல் அலங்காரம் என்று பலவற்றைக் கற்கிறார்கள். தோலின் அடுக்குகளைப் படம் வரைந்து பாகம் குறிக்கிறார்கள். பள்ளியை விட்டுச் சென்ற சில மாதங்களிலேயே இவர்களில் சிலர் ஏதோ ஒரு பார்லரில் வேலைக்குச் சேர்ந்துவிடுவார்கள். அங்கே ஒருநாள் தலையில் துப்பட்டா சுற்றிய ஒருவர் வந்து, "அடுத்த வாரம் தங்கச்சி கல்யாணம்மா. முகம் ரொம்பக் கறுத்துப்போச்சு, ஏதாவது பண்ணிவிடு. எனக்குக் கீமோ போய்க்கிட்டிருக்கு" என்று சொன்னால், நம் மாணவி என்ன செய்வாள்?

பயந்துபோய் ஏதாவது சாக்குச் சொல்லித் திருப்பி அனுப்பலாம். அல்லது எல்லோருக்கும் செய்வதையே இவருக்கும் செய்துவிடலாம். முன்னது வந்தவரின் மனத்தைப் புண்படுத்தும். பின்னது அவர் உடலுக்கே கேடாகலாம். இரண்டையும் தவிர்க்க அவளுக்கு மருத்துவப் படிப்பு தேவையில்லை. செல் பிரிதலைப் படித்த மாணவிக்கு இரண்டு பாடவேளைகளில் விளக்கிவிடக்கூடிய செய்திதான் இது. தொழிற்கல்வி ஆசிரியரும் அறிவியல் ஆசிரியரும் சேர்ந்து நடத்தினால் இன்னும் நன்று.

வகுப்பில் எழும் முதல் கேள்வி, "தொட்டால் ஒட்டிக்கொள்ளுமா?" என்பதாகத்தான் இருக்கும். ஒட்டாது. நம் உடலின் செல்களே, எப்போது பிரிய வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும், எப்போது மடிய வேண்டும் என்ற கட்டுப்பாட்டை இழந்து பெருகுவதுதான் புற்றுநோய். ஒருவரின் புற்றுச்செல் தொடுதலாலோ, துண்டு, நாற்காலி வழியாகவோ இன்னொருவருக்குப் போய் வளராது. அடுத்த கேள்வி கதிர்வீச்சு பற்றியது. வெளியிலிருந்து கருவி மூலம் கதிர் பெற்றவரின் உடலில் கதிர்வீச்சு தங்கியிருப்பதில்லை; அவர் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சலாம். தைராய்டு புற்றுநோய்க்குத் தரும் கதிரியக்க அயோடின் போன்ற சில உள்சிகிச்சைகளுக்குப் பின் மட்டும் சில நாட்கள் விலகி இருக்கச் சொல்வார்கள். அதை மருத்துவமனையே விளக்கி அனுப்பும்.

கீமோதெரபி மருந்துகள் பெரும்பாலும் வேகமாகப் பிரியும் செல்களைத் தாக்குபவை. புற்றுச்செல் அப்படிப்பட்டது. ஆனால் உடலில் வேறு சில செல்களும் அப்படித்தான்: மயிர்க்கால், நகத்தின் வேர், வாயின் உட்தோல், எலும்பு மஜ்ஜை. இந்தப் பட்டியலைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, "இவை பாதிக்கப்பட்டால் என்னென்ன நடக்கும்?" என்று கேட்டாலே பாதிப் பாடத்தை மாணவியரே சொல்லிவிடுவார்கள். முடி கொட்டும். நகம் கறுக்கும், வரி விழும், சில மருந்துகளால் சதையிலிருந்து பெயர்ந்தும் வரும். வாயில் புண் வரும். மஜ்ஜையை மட்டும் அவர்கள் மறந்துவிடுவார்கள். உண்மையில் அதுதான் முக்கியம்.

ஆர்வமுள்ள வகுப்பு என்றால் இங்கே ஒரு வரலாற்றுச் செய்தியையும் சொல்லலாம். முதல் உலகப்போரில் மஸ்டர்ட் வாயு வீசப்பட்டது. அது தோலைக் கொப்பளிக்கச் செய்ததோடு, பாதிக்கப்பட்டவர்களின் வெள்ளை அணுக்களையும் வெகுவாகக் குறைத்திருந்தது. பின்னாளில் அதே குடும்பத்தைச் சேர்ந்த நைட்ரஜன் மஸ்டர்டை ஆராய்ந்தவர்கள் யேல் பல்கலைக்கழகத்தின் லூயி குட்மனும் ஆல்ஃபிரட் கில்மனும். 1942-இல் அது ஒரு லிம்போமா நோயாளிக்குச் செலுத்தப்பட்டது. இன்றைய கீமோதெரபியின் தொடக்கங்களில் ஒன்று அது. மஜ்ஜையைத் தாக்கும் குணம் இம்மருந்துகளுக்குப் பிறவியிலேயே உண்டு என்பது இதிலிருந்து புரியும்.

மஜ்ஜை தளர்ந்தால் வெள்ளை அணுக்கள் குறையும். கிருமியை எதிர்க்கும் ஆற்றல் குறையும். பல மருந்துகளுக்கு, ஊசி போட்ட 7 முதல் 14 நாட்களுக்குள் இந்த எண்ணிக்கை மிகவும் தாழ்ந்திருக்கும். நமக்கு ஒரு பொருட்டே இல்லாத சிறு கீறல், அப்போது அவரை மருத்துவமனையில் படுக்க வைத்துவிடக்கூடும். தட்டணுக்களும் குறைவதால் இலேசாக அழுத்தினாலே கன்றிப்போகும். கசியும் ரத்தம் சட்டென நிற்காது. இப்போது பார்லரின் விலைப்பட்டியலை எடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். திரெடிங் முடியை வேரோடு பிடுங்குகிறது. வேக்ஸிங்கில் மேல்தோலும் கொஞ்சம் உரிந்து வருகிறது. மெனிக்யூர், பெடிக்யூரில் நகத்தோரத் தோலை வெட்டுகிறோம். ஃபேஷியலில் கரும்புள்ளியைக் குத்தி எடுக்கிறோம். சிகிச்சைக் காலத்தில் எதையெல்லாம் செய்யக்கூடாது என்று நாம் தனியே பட்டியல் தர வேண்டியதில்லை. அவர்களே ஒவ்வொன்றாக அடித்துவிடுவார்கள்.

பெடிக்யூரில் இன்னொரு ஆபத்தும் உண்டு. சில கீமோ மருந்துகள் நரம்பு முனைகளைப் பாதித்து, விரல்களையும் பாதங்களையும் மரத்துப்போகச் செய்யும். தொட்டியில் இருக்கும் நீர் கொதிக்கும் சூடு என்பது அவர் காலுக்குத் தெரியாது. "சூடு போதுமாக்கா?" என்று அவரைக் கேட்டால், "போதும்மா" என்றுதான் சொல்வார். நீரின் சூட்டைப் பார்க்க வேண்டியது வேலை செய்பவளின் கை.

மிகவும் ஏமாற்றுவது முகப்பரு போன்ற ஒரு தடிப்பு. செட்டுக்சிமாப், எர்லோட்டினிப் போன்ற இலக்கு மருந்துகள் புற்றுச்செல்லின் ஒரு குறிப்பிட்ட வளர்ச்சி ஏற்பியைத் தடுக்கின்றன. அதே ஏற்பி தோலிலும் இருப்பதால், மருந்து தொடங்கிய இரண்டொரு வாரங்களில் முகத்திலும் மார்பிலும் சிவந்த கொப்புளங்கள் கிளம்பும். பார்த்தால் பருதான். ஆனால் இங்கே தோல் ஏற்கெனவே வறண்டு, மெலிந்து போயிருக்கிறது. பருவுக்கென்று போடும் உலர்த்தும் களிம்பும், தேய்க்கும் ஸ்கிரப்பும், எலுமிச்சைச் சாறும் அதை எரியும் புண்ணாக்கிவிடும். வாசனையில்லாத ஈரப்பத க்ரீமுக்கு மேல் எதையும் தடவாமல், சிகிச்சை தரும் மருத்துவரிடம் காட்டச் சொல்வதே சரி.

கதிர்வீச்சு பெற்ற இடம் வேறு வகை. தொடங்கி இரண்டு மூன்று வாரங்களில் தோல் சிவக்கும் அல்லது கறுக்கும், அரிக்கும், உரியும்; மடிப்புகளில் நீர் கோத்துப் புண்ணாகவும் ஆகலாம். அங்கே ஸ்டீம், பிளீச், வேக்ஸ், மசாஜ் எதுவும் கூடாது. "மஞ்சளும் சந்தனமும் இயற்கைதானே" என்ற பேச்சு நம் ஊரில் கட்டாயம் வரும். புண்பட்ட தோலுக்கு இயற்கை, செயற்கை என்ற வேறுபாடு தெரியாது. கதிர் செலுத்த வேண்டிய இடத்தைக் காட்ட மருத்துவமனையில் மையால் கோடு போட்டிருப்பார்கள். அழுக்கு என்று நினைத்து அதைத் துடைத்து எடுத்துவிடக் கூடாது. சிகிச்சை முடிந்து ஆண்டுகள் கடந்த பிறகும் அந்த இடம் வெயிலைத் தாங்காது.

மார்பகப் புற்றுநோய் அறுவையில் அக்குளின் நிணநீர் முடிச்சுகளை, அதாவது பேச்சுவழக்கில் நெறிகளை, எடுத்திருந்தால் அந்தப் பக்கக் கையில் நிணநீர் வடிவது தடைப்பட்டுக் கை வீங்கலாம். இந்த வாய்ப்பு வாழ்நாள் முழுவதும் உண்டு. அந்தக் கையில் அழுத்தமான மசாஜ் வேண்டாம். நகத்தோரத்தை வெட்டவும் வேண்டாம். வீக்கத்தை வடியச் செய்யும் மென்மையான மசாஜ் முறை ஒன்று இருக்கிறது. ஆனால் அது அதற்கெனப் பயின்றவர்களின் வேலை. "சிகிச்சை முடிஞ்சு மூணு வருஷம் ஆச்சு" என்று ஒருவர் சொன்னாலும் கையைப் பற்றிக் கேட்டுவிட வேண்டும். அவர் ஹார்மோன் மாத்திரையை இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம். 5 ஆண்டுகள், சிலருக்கு 10 ஆண்டுகள் வரை அது தொடரும்.

இதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்வதற்கு ஒரு முறை இருக்கிறது. மற்ற வாடிக்கையாளர் காதில் விழாமல், சற்றுத் தள்ளி அழைத்து: "அக்கா, கடைசியா எப்ப ஊசி போட்டாங்க? ரத்தப் பரிசோதனை எப்படி இருக்குன்னாங்க? கதிர் கொடுத்தாங்களா, எந்த இடத்துல? அக்குள்ல நெறி எடுத்தாங்களா? பார்லர் போகலாமான்னு டாக்டர்கிட்டக் கேட்டீங்களா?" இவ்வளவுதான். "எப்படிக்கா வந்துச்சு?" என்ற கேள்வியும், "எங்க சித்தப்பாவுக்கும் இப்படித்தான்" என்ற கதையும் வேண்டாம். இரண்டு மாணவியரை நிறுத்தி வகுப்பில் நடித்துக் காட்டச் செய்தால் இது நன்றாகப் பதியும்.

சரி, தங்கை கல்யாணத்துக்குப் போகிறவருக்கு என்னதான் செய்வது? பிளீச் இல்லை. கீமோவால் வந்த கருமை பெரும்பாலும் சிகிச்சை முடிந்த பின் மெல்ல மெல்ல மங்கும் என்பதைச் சொல்லலாம். முகத்தை மென்மையாகத் துடைத்து, வாசனையில்லாத க்ரீம் தடவலாம். வாசனையே சிலருக்குக் குமட்டலை வரவழைக்கும். பிறர் பயன்படுத்தாத புதிய பொருட்களால் இலேசான ஒப்பனை செய்யலாம். எல்லாவற்றையும்விடப் புருவம். தலைமுடி போனதை முந்தானையோ விக்கோ மறைத்துவிடும். புருவம் போன முகம் கண்ணாடியில் தனக்கே அந்நியமாகத் தெரியும். வகுப்பில் கற்ற அளவுமுறை இங்கே கைகொடுக்கும். பென்சிலை மூக்கின் ஓரத்தில் வைத்து, கண்ணின் உள்முனை வழியாக நிமிர்த்தினால் புருவம் தொடங்கும் இடம்; கருவிழியின் வெளி ஓரம் வழியாகச் சாய்த்தால் வளைவின் உச்சி; கண்ணின் வெளிமுனை வழியாகச் சாய்த்தால் முடியும் இடம். மூன்று புள்ளி வைத்து, சிறுசிறு கோடுகளாக வரைய வேண்டும். அவரே வீட்டில் வரைந்துகொள்ளக் கற்றுக்கொடுத்தால் இன்னும் நல்லது. அமெரிக்காவில் 1989-இல் தொடங்கிய 'லுக் குட் ஃபீல் பெட்டர்' என்ற திட்டத்தில், அழகுக்கலைஞர்கள் சிகிச்சையிலிருக்கும் பெண்களுக்கு இத்தகையவற்றைத்தான் கட்டணமின்றிக் கற்றுத் தருகிறார்கள்.

இந்தப் பாடம் வேறு வகுப்பு ஆசிரியர்களுக்கும் உதவும். ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பின் பள்ளிக்குத் திரும்பும் குழந்தை வழுக்கைத் தலையோடும், ஸ்டீராய்டு மருந்தால் உப்பிய முகத்தோடும் வரலாம். தொப்பி அணிய அனுமதியுங்கள். உடன் படிப்பவர்களிடம், "இது ஒட்டாது, முடி மறுபடி வளரும்" என்று அந்தக் குழந்தை வருவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். வகுப்பில் யாருக்காவது அம்மை கண்டால் அன்றே அதன் பெற்றோருக்குத் தெரிவியுங்கள். மாத்திரை உண்ணும் காலத்திலும் அந்தக் குழந்தைக்கு அம்மை ஆபத்தானது.

இன்னும் ஒன்று மிச்சமிருக்கிறது. பல மாதங்கள் நகச்சாயத்துக்கு அடியில் மறைந்திருக்கும் நகத்தை, சாயத்தைத் துடைத்துவிட்டுப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் ஒரே ஆள் பார்லர் பெண்தான். கறுத்த நிறத்தவருக்குத் தோல் புற்றுநோய் அரிது. ஆனால் மெலனோமா வரும்போது உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய இடங்களில்தான் அதிகம் தோன்றுகிறது. பாடகர் பாப் மார்லிக்குக் கால் பெருவிரல் நகத்தடியில் வந்தது அதுதான். கால்பந்தாட்டத்தில் பட்ட அடி என்று முதலில் எண்ணப்பட்டது. 1977-இல் மெலனோமா என்று தெரிந்தது. 1981-இல் அவர் இறந்தார். நம்மவர்களில் பலருக்குப் பல நகங்களில் பழுப்புக் கோடுகள் இயல்பாகவே உண்டு. அவற்றைக் கண்டு அஞ்ச வேண்டாம். ஒரே ஒரு நகத்தில் புதிதாகத் தோன்றிய கருங்கோடு, நாளாக ஆக அகலமாவது, கருமை நகத்தைத் தாண்டி ஓரத்துத் தோலிலும் படர்வது ஆகியவற்றையே கவனிக்க வேண்டும். அப்படிக் கண்டால் நோயின் பெயரைச் சொல்லி அச்சுறுத்தாமல், "அக்கா, இந்த நகத்தை ஒருதடவை அரசு மருத்துவமனைத் தோல் டாக்டர்கிட்டக் காட்டிடுங்க" என்று சொல்லிவிட்டு, அடுத்த முறை வரும்போது "காட்டினீங்களா?" என்றும் கேட்க வேண்டும்.